தள்ளுபடியான தகராறு திரும்ப வராமலிருக்க எங்கே வழக்குப் போடலாம்? பெங்களூருச் சிறு சப்ளையர்களுக்கு ஓர் ஒப்பீடு

பீன்யா, பொம்மசந்திரா, ஜிகணி பக்கம் லேத், பிரஸ், பவுடர் கோட்டிங் என்று பட்டறை நடத்தும் நம்மவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சரக்கு சரியில்லைன்னு அவன் சொன்னது போன தடவையே எடுபடல சார். இப்போ திவால் மனு போட்டா அதே கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறான். இதுக்கு முடிவே இல்லையா?" இன்னும் வழக்கே போடாதவர்கள் இதையே வேறு விதமாகக் கேட்கிறார்கள்: கோர்ட்டா, திவால் மனு கேட்கும் என்.சி.எல்.டி. தீர்ப்பாயமா, சிறு தொழில்களின் பாக்கித் தகராறைக் கேட்கும் எம்.எஸ்.எம்.இ. கவுன்சிலா, எங்கே ஆரம்பிப்பது?

நான் வக்கீல் இல்லை. சின்ன ஆலைகளுக்குக் கணக்கும் பாக்கி வசூலும் பார்ப்பவன். வக்கீலிடம் போகும் முன் ஃபைலை அடுக்கிக் கொடுப்பது என் வேலை. அந்த நாற்காலியிலிருந்து பார்த்ததில் என் கட்சி இதுதான்: ஒரு தகராறு செத்ததா இல்லையா என்பது அதை யார், எவ்வளவு ஆழமாக விசாரித்துத் தள்ளினார்கள் என்பதைப் பொறுத்தது. திவால் தீர்ப்பாயம் தகராறைத் தீர்க்கும் இடமே அல்ல. தகராறு இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும் இடம். கொல்ல வேண்டியதை வேறோர் இடத்தில் கொன்றுவிட்டு அங்கே போனால்தான் பலன்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பேசுவோம். மெஷின் பாகங்கள் சப்ளை செய்த வகையில் ஒரு கம்பெனியிடமிருந்து உங்களுக்கு 1 கோடியே 40 லட்சம் வர வேண்டும். ஒவ்வொரு டெலிவரி சலானிலும் அவர்கள் ஸ்டோர் சீல் இருக்கிறது. பணம் கேட்டுக் கடிதம் போகப் போக, "ஃபினிஷ் சரியில்லை, லைனில் ரிஜெக்ட் ஆகிறது" என்று அவர்கள் பர்சேஸ் மேனேஜர் மெயில் போடத் தொடங்குகிறார்.

## எதை வைத்து எடை போடுவது

ஃபீஸ் எவ்வளவு என்பதை எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசிக் கேள்வி. முதலில் பார்க்க வேண்டியவை இவை:

- அந்த இடத்தில் வரும் முடிவு எதிராளியைக் கட்டுமா? அதே விஷயத்தை வேறு வாசலில் கிளப்பினால் "இது முடிந்த கதை" என்று சொல்ல முடியுமா?
- முடிவை எதிர்த்து அப்பீல் போக அவர் பணம் கட்ட வேண்டுமா, சும்மாவே போகலாமா?
- அந்த அப்பீல் நிலுவையில் இருக்கும்போது திவால் வாசல் உங்களுக்குத் திறந்திருக்குமா?
- வழக்குப் போடச் சட்டம் தரும் மூன்று வருஷக் காலவரம்பு என்ன ஆகும்?
- கடைசியில் கைக்கு வருவது பணமா, கடன் கொடுத்தவர்கள் வரிசையில் ஓர் இடமா?

கடைசிக் கேள்வியைக் கேட்காமல் போய் மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம்.

## வழி ஒன்று: நேரே என்.சி.எல்.டி.

எம்.ஜி. ரோட்டில் ரஹேஜா டவர்ஸில் இருக்கும் தீர்ப்பாயத்துக்கு நேரே போவது. 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் டிமாண்ட் நோட்டீஸ், பத்து நாள் காத்திருப்பு, பிறகு 9-ஆம் பிரிவில் மனு. கட்டணம் 2,000 ரூபாய்தான். ஒன்றரைக் கோடிக்கு கோர்ட்டில் கட்ட வேண்டிய கட்டணம் லட்சக் கணக்கில் போகும் என்பதால் இந்த 2,000 பலரை இழுக்கிறது. 2020 மார்ச் 24 முதல் பாக்கி குறைந்தது ஒரு கோடி இருந்தால்தான் இந்த வாசல் திறக்கும். அதனால் வட்டியைக் கூட்டி எப்படியாவது கோடியைத் தொடப் பார்ப்பவர்களும் உண்டு. இன்வாய்ஸிலோ ஆர்டரிலோ வட்டி விகிதம் எழுதி இரு தரப்பும் ஒப்புக்கொள்ளாவிட்டால் அது வம்பை விலைக்கு வாங்குவது.

இந்த வழியின் பலவீனம் 2017 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த மொபிலாக்ஸ் தீர்ப்பிலேயே இருக்கிறது. நோட்டீஸ் வருவதற்கு முன்பே தகராறு இருந்ததா, மேற்கொண்டு விசாரிக்க வேண்டிய அளவுக்கு அது நம்பும்படி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். அந்த வாதம் ஜெயிக்குமா என்று தீர்ப்பாயம் பார்க்க வேண்டியதில்லை. வெறும் புளுகு, ஆதாரமில்லாத பேச்சு என்றால் தள்ளிவிடலாம். அதற்கு மேல் ஒரு நூல் இருந்தாலும் உங்கள் மனு தள்ளுபடி. 2022-ல் சோலார்டெக்ஸ் வழக்கில் நிலக்கரியின் தரம் பற்றிய தகராறு வந்தபோது, எந்தப் பக்கம் உண்மை கனமாக இருக்கிறது என்று தராசு பிடிப்பது தீர்ப்பாயத்தின் வேலையல்ல என்று உச்ச நீதிமன்றம் மறுபடி சொன்னது.

நம் உதாரணத்தில் அந்த பர்சேஸ் மேனேஜரின் மெயில் எந்தத் தேதியில் வந்தது என்பதுதான் தலையெழுத்து. டிமாண்ட் நோட்டீஸ் அவர்கள் கைக்குப் போன பிறகு என்றால் அதற்கு மதிப்பு குறைவு. அதற்கு முன்பே வந்து, கூடவே ஒரு ரிஜெக்ஷன் நோட்டும் டெபிட் நோட்டும் இருந்தால் மனு ஆட்டம் காணும். பத்து நாளில் பதில் போடவில்லை என்றால் இனி அவர் வாய் திறக்க முடியாது என்று நம்ப வேண்டாம். பதில் போடாதவரும் மனு விசாரணையில் பழைய மெயிலை எடுத்து நீட்டலாம்.

இந்த வழியில் ஜெயித்தாலும் தோற்றாலும் தகராறு முழுதாகச் சாவதில்லை. தோற்றால், "தகராறு இருக்கிறது போலிருக்கிறது" என்று மட்டுமே அர்த்தம். கடன் இல்லை என்று யாரும் சொல்லிவிடவில்லை. நீங்கள் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் அதற்குள் காலவரம்பு ஓடியிருக்கும். ஜெயித்து மனு ஏற்கப்பட்டால், முப்பது நாளுக்குள் (அதிகபட்சம் இன்னும் பதினைந்து நாள் சலுகை) எதிராளி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போவார். கர்நாடக வழக்குகளுக்கு அது சென்னை அமர்வு. அங்கே அதே தரப் பிரச்சினையை முழுதாகப் பேசலாம், அது அவர் உரிமை. அதற்கும் மேலே உச்ச நீதிமன்றத்தில்தான் சட்டக் கேள்வி மட்டும் என்று வாசல் சுருங்குகிறது.

இதற்கு நடுவில் "முந்தைய உத்தரவைத் திரும்பப் பெறுங்கள்" என்று மனு வரும். இங்கே ஒரு வேறுபாட்டைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2023 மே மாதம் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஐந்து உறுப்பினர் அமர்வு, உத்தரவைத் திரும்பப் பெறும் அதிகாரம் உண்டு, ஆனால் மறுபரிசீலனை செய்யும் அதிகாரம் இல்லை என்று சொன்னது. மோசடி செய்து வாங்கிய உத்தரவு, எதிர்த் தரப்பைக் கேட்காமலே போட்ட உத்தரவு, இப்படிப்பட்டவற்றை மட்டும் திரும்பப் பெறலாம். "சரக்கு மோசம் என்ற எங்கள் வாதத்தைச் சரியாகப் பார்க்கவில்லை" என்பது மறுபரிசீலனை கேட்பது. மனுவின் தலைப்பு என்னவாக இருந்தாலும் உள்ளே இருப்பது இதுதான் என்று உங்கள் வக்கீல் காட்டினால் பாதி வேலை முடிந்தது.

மறைமுகச் செலவு இனிமேல்தான். மனு ஏற்கப்பட்டதும் 14-ஆம் பிரிவுத் தடை வந்துவிடும். யாரும் அந்தக் கம்பெனி மீது வழக்கு நடத்தவோ ஜப்தி செய்யவோ முடியாது, நீங்களும்தான். கம்பெனியை நடத்த நியமிக்கப்படும் இடைக்காலத் தீர்வு அதிகாரியின் ஆரம்பச் செலவுக்கு மனுதாரரான உங்களிடமே சில லட்சம் கட்டச் சொல்வது சகஜம். அந்த அதிகாரி உங்கள் பாக்கியை மறுபடி சரிபார்ப்பார். ஃபாரம் பி என்ற பாக்கிக் கோரிக்கைப் படிவம் போட்டு, இன்வாய்ஸ் முதல் எல்லாவற்றையும் திரும்ப நிரூபிக்க வேண்டும். கடன் கொடுத்தவர்கள் குழுவில் ஓட்டு வங்கிகளுக்குத்தான். சப்ளையருக்கு ஓட்டு இல்லை. கம்பெனி கலைப்புக்குப் போனால் யாருக்கு முதலில் பணம் என்று 53-ஆம் பிரிவு சொல்லும் வரிசையில் நீங்கள் நிற்கும் இடம் கீழே. வாடிக்கையாளரும் போய், பணமும் போய், கேஸ் மட்டும் ஜெயித்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்படியென்றால் இந்த வழி யாருக்கு? ஆண்டுக் கடைசி பேலன்ஸ் கன்ஃபர்மேஷனில் எதிராளி கையெழுத்துப் போட்டிருக்கிறார், தரம் பற்றி ஒரு மெயில்கூட இல்லை, கம்பெனி நன்றாக ஓடுகிறது, பணம் இருந்தும் இழுத்தடிக்கிறார் என்றால் இதைவிட வேகமான வழி கிடையாது. மனு ஏற்கப்படும் முன்பே செக் வந்துவிடும். தகராறு ஒரு பகுதிக்கு மட்டும் என்றால், தகராறில்லாத பகுதி தனியாகவே ஒரு கோடியைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் அதை மட்டும் கேட்டு நோட்டீஸ் போடுவது பலம். பணம் பிடுங்கும் கருவியாகத் தவறாகப் பயன்படுத்தினால் 65-ஆம் பிரிவில் ஒரு லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம் உண்டு என்பதும் நினைவிருக்கட்டும்.

## வழி இரண்டு: கமர்ஷியல் கோர்ட்

மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வணிக வழக்கு கமர்ஷியல் கோர்ட்டுக்கு வரும். அவசர இடைக்கால நிவாரணம் கேட்காவிட்டால் வழக்குக்கு முன் சமரசம் பேசுவது கட்டாயம் என்று 2022-ல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதைத் தாண்டிக் குதித்தால் பிளெயின்டே (வழக்கு மனுவே) தள்ளுபடியாகும்.

எழுத்தில் ஒப்பந்தமும் இன்வாய்ஸும் கணக்காக இருந்தால் ஆர்டர் 37 சம்மரி சூட் போடலாம். எதிராளிக்கு வாதாடவே கோர்ட்டின் அனுமதி வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டால் டிகிரி, அதாவது பணம் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பு. ஆனால் அவர் சொல்லும் காரணத்தில் கொஞ்சம் சத்து இருந்தாலும் நிபந்தனையோடு அனுமதி கிடைத்துவிடும். பிறகு வழக்கமான வழக்கின் நடை, வாய்தா மேல் வாய்தா.

கொல்லும் வலிமை என்று பார்த்தால் இந்த வழிதான் முதலிடம். சிவில் நடைமுறைச் சட்டம் 11-ஆம் பிரிவின் முன்தீர்ப்புத் தடை இங்கே முழுதாக வேலை செய்கிறது. ஒரே தரப்பினர், ஒரே விஷயம், விசாரித்து முடிவானது என்றால் மறுபடி கிளப்ப முடியாது. அந்தப் பிரிவின் நான்காம் விளக்கம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: அப்போதே சொல்லியிருக்க வேண்டிய வாதத்தைச் சொல்லாமல் விட்டிருந்தாலும், அது சொல்லித் தள்ளப்பட்டதாகவே கொள்ளப்படும். எக்ஸிக்யூஷனில் (தீர்ப்பை நிறைவேற்றும் கட்டத்தில்) டிகிரி சரியா தப்பா என்று கோர்ட் பார்க்காது. டிகிரிக்குப் பிறகு பணம் கட்டினாரா, தீர்த்துக்கொண்டார்களா என்று மட்டும் 47-ஆம் பிரிவில் பார்க்கும்.

இதில் என் அனுபவத்தில் எல்லோரும் கோட்டைவிடும் ஒரு சின்ன விஷயம் உண்டு. கோர்ட் இஷ்யூக்களை (தீர்மானிக்க வேண்டிய கேள்விகளை) வகுக்கும் நாளில், "சப்ளை செய்த பாகங்கள் குறைபாடுள்ளவை என்று பிரதிவாதி நிரூபித்தாரா?" என்ற வரி பட்டியலில் இருக்க வேண்டும். வெறும் "வாதிக்கு இத்தனை ரூபாய் வர வேண்டுமா?" என்று மட்டும் இருந்தால், பின்னால் என்.சி.எல்.டி.யில் "தரம் பற்றி கோர்ட் பேசவே இல்லையே" என்று ஆரம்பிப்பார். நான்காம் விளக்கத்தைக் காட்டி பதில் சொல்லலாம், ஆனால் அது ஒரு வாதம். இஷ்யூவாக இருந்து அதற்குப் பதிலும் தீர்ப்பில் இருந்தால் பக்கத்தைத் திறந்து விரலை வைத்துக் காட்டலாம். சம்மரி சூட்டில் இஷ்யூ கிடையாது. அங்கே அனுமதி மறுக்கும் உத்தரவில் எதிராளியின் தரப் புகார் ஏன் நம்பும்படி இல்லை என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துச் சான்றிட்ட நகல் வாங்கிவையுங்கள்.

செலவு: கோர்ட் கட்டணம், சாட்சி, வருஷங்கள். டிகிரி வந்த பிறகு அதை நிறைவேற்றுவது தனிக் கதை. 2021-ல் பெங்களூரு நிலம் ஒன்றைப் பற்றிய வழக்கில்தான், எக்ஸிக்யூஷன் மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. கே.ஜி. ரோடு வராந்தாவில் நிற்பவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனாலும் டிகிரிக்குப் பன்னிரண்டு வருஷ ஆயுள் உண்டு. வங்கிக் கணக்கு, மெஷின், அவருக்கு மற்றவர்கள் தர வேண்டிய பாக்கி, எதை வேண்டுமானாலும் ஜப்தி கேட்கலாம். வரும் பணம் வரிசையில் நிற்காமல் நேரே உங்களுக்கு வரும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு பொறியும் இங்கே இருக்கிறது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது பொறுமை இழந்து பாதியில் என்.சி.எல்.டி.க்குத் தாவினால், நீங்கள் போட்ட வழக்கையே அவர் கேடயமாகத் தூக்குவார். நோட்டீஸுக்கு முன்பே வழக்கு நிலுவையில் இருப்பது தகராறு இருப்பதற்கு அடையாளம் என்று சட்டமே சொல்கிறது. வழக்கைத் தொடங்கினால் முடித்துவிட்டுத்தான் அடுத்த வாசல்.

## வழி மூன்று: எம்.எஸ்.எம்.இ. கவுன்சில்

மைக்ரோ அல்லது ஸ்மால் என்று உத்யம் பதிவு (அரசின் சிறு தொழில் பதிவு) இருக்கும் சப்ளையருக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்திருக்கும் தனி வழி இது. மீடியம் என்றால் கிடையாது. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும் பதிவு கொடுக்கிறார்கள்தான், ஆனால் அது வங்கிக் கடன் சலுகைக்கு மட்டும். அரசின் ஆன்லைன் போர்ட்டலில் மனு, முதலில் சமரசம், ஒத்துவராவிட்டால் ஆர்பிட்ரேஷன் (நடுவர் விசாரணை). தொண்ணூறு நாள் என்பது காகிதத்தில்.

இங்கே எனக்குப் பிடித்தவை மூன்று. முதலாவது, வழக்கு உங்கள் ஊரில் நடக்கும். வாங்கியவர் புனேயில் இருந்தாலும் சரி, லூதியானாவில் இருந்தாலும் சரி, சப்ளையர் இருக்கும் இடத்துக் கவுன்சிலுக்குத்தான் அதிகாரம். இரண்டாவது வட்டி: ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. விகிதம் 5.75 என்றால் 17.25 சதவீதம். இழுத்தடிப்பது அவருக்கு நஷ்டமாகிறது. மூன்றாவதுதான் நம் விஷயத்துக்கு முக்கியம்: தீர்ப்பை எதிர்த்துப் போக வேண்டுமானால் 19-ஆம் பிரிவின்படி தொகையில் 75 சதவீதத்தை முதலில் கோர்ட்டில் கட்ட வேண்டும். 2021-ல் அஸ்கா எக்விப்மென்ட்ஸ் வழக்கில், இதில் கோர்ட்டுக்குத் தளர்த்தும் அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தள்ளுபடியான வாதத்தை மறுபடி பேசுவதற்கு இவ்வளவு பெரிய டிக்கெட் வேறெங்கும் கிடையாது.

எதிராளி இங்கே கவுன்ட்டர் க்ளெய்ம் போடலாம் என்று அதே 2021-ல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதைக் கேட்டுச் சில சப்ளையர்கள் பயந்தார்கள். நான் அதை நல்லதாகவே பார்க்கிறேன். தரக் குறைவால் எனக்கு இத்தனை லட்சம் நஷ்டம் என்று அவரே எழுதிக் கொடுத்து, ஆவணம் காட்டி, அது தள்ளப்பட்டால் அப்புறம் அந்தப் புகார் எங்கேயும் எழுந்திருக்காது.

இடறும் இடங்கள்: சப்ளை நடந்த காலத்தில் உங்களிடம் பதிவு இருந்ததா என்பதே முதல் அடி. 2022-ல் மகாகாளி ஃபுட்ஸ் தீர்ப்பு, பின்னால் பதிவு செய்துகொண்டு பழைய சப்ளைக்குப் பலன் கேட்க முடியாது என்றது. அதன் மேல் வாதம் இன்னும் ஓயவில்லை. சரக்கோடு வேலையும் சேர்ந்த ஒர்க்ஸ் காண்ட்ராக்ட் போலிருந்தால் அங்கே ஒரு சண்டை வரும். சமரசம் முடிந்ததற்கும் ஆர்பிட்ரேஷன் தொடங்கியதற்கும் தனித்தனியே எழுத்து இருக்க வேண்டும். அவசரத்தில் இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் முழுத் தீர்ப்பும் பின்னால் ஆடும்.

## வழி நான்கு: ஆர்பிட்ரேஷன்

பர்சேஸ் ஆர்டரின் பின்பக்கப் பொடி எழுத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தால், வழி இரண்டில் எதிராளி ஆரம்பத்திலேயே அதைக் காட்டி உங்களை இங்கே அனுப்பிவிடுவார். எம்.எஸ்.எம்.இ. கவுன்சிலுக்கு மட்டும் அந்த ஷரத்து தடையில்லை. பெரிய தொகை, இரண்டு பக்கமும் வக்கீல் வைக்கும் வசதி என்றால் இது நல்ல வழிதான். தீர்ப்பை எதிர்க்கும் காரணங்கள் சட்டத்தில் குறுகலாகவே இருக்கின்றன, சரக்கின் தரத்தை மறுபடி அலசக் கோர்ட் உட்காராது. ஆனால் நடுவர் கட்டணம் உங்கள் பையிலிருந்து போகும். 75 சதவீத முன்பணமும் இல்லை. ஸ்டே கேட்டால் மட்டும் கோர்ட் பணம் கட்டச் சொல்லலாம்.

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| | நேரே என்.சி.எல்.டி. | கமர்ஷியல் கோர்ட் | எம்.எஸ்.எம்.இ. கவுன்சில் | ஆர்பிட்ரேஷன் |
|---|---|---|---|---|
| தகராறை விசாரித்து முடிக்குமா | இல்லை, எட்டிப் பார்க்கும் | ஆம் | ஆம் | ஆம் |
| எதிர்க்க அவர் கட்ட வேண்டியது | அப்பீல் கட்டணம் மட்டும் | ஸ்டே வேண்டுமானால் ஜாமீன் | 75 சதவீதம் | ஸ்டே வேண்டுமானால் டெபாசிட் |
| தொடங்கும் செலவு | 2,000 ரூபாய் | தொகைக்கு ஏற்பக் கட்டணம் | குறைவு | நடுவர் கட்டணம் |
| எங்கே நடக்கும் | அவர் பதிவு அலுவலகம் இருக்கும் மாநில அமர்வு | ஒப்பந்தம், சப்ளை நடந்த இடம் | உங்கள் ஊர் | ஷரத்தில் எழுதிய இடம் |
| கடைசியில் | அழுத்தம், அல்லது வரிசையில் ஓர் இடம் | ஜப்தி செய்யும் உரிமை | ஜப்தி செய்யும் உரிமை | ஜப்தி செய்யும் உரிமை |

நான்காவது வரியைப் பெங்களூருக்காரர்கள் கவனிக்க வேண்டும். பொம்மசந்திராவிலிருந்து அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர். வாடிக்கையாளரின் பதிவு அலுவலகம் அங்கே இருந்தால் திவால் மனு எம்.ஜி. ரோட்டுக்குப் போகாது, சென்னைக்குப் போகும்.

## தீர்ப்பு கையில் இருக்கிறது, இப்போது திவால் மனு போடலாமா?

கேள்வி கேட்டவர்களில் பாதிப் பேர் இந்தக் கட்டத்தில்தான் நிற்கிறார்கள். டிகிரியோ அவார்டோ (நடுவர் தீர்ப்போ) வாங்கியாயிற்று. பணம் வரவில்லை. என்.சி.எல்.டி. போனால் எதிராளி பழைய மெயிலையே மறுபடி தூக்குகிறார்.

முதலில் அவர் தீர்ப்பை எதிர்த்து எதுவும் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். அவார்டை எதிர்த்து ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 34-ஆம் பிரிவு மனு நிலுவையில் இருந்தால் தகராறு இன்னும் உயிரோடு இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும் என்று 2018 ஆகஸ்டில் விஜய் நிர்மாண் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடுவர் உங்கள் பக்கம் எழுதியது போதாது. அந்த மனுவும் அதன் மேல் அப்பீலும் முடிய வேண்டும். இதைத் தெரிந்துகொண்டே, ஒன்றுக்கும் உதவாத 34-ஆம் பிரிவு மனுவைப் போட்டு வைத்துத் திவாலிலிருந்து தப்பிப்பவர்கள் உண்டு. அதே தீர்ப்பு ஒரு விதிவிலக்கும் சொல்கிறது: அந்த மனு காலவரம்பு கடந்து போடப்பட்டது என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தால் திவால் நடவடிக்கை நடக்கலாம். ஆகவே அவார்டின் கையெழுத்திட்ட நகல் அவருக்குக் கிடைத்த நாளுக்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மூன்று மாதமும் முப்பது நாளும் அங்கிருந்துதான் எண்ணப்படும்.

கோர்ட் டிகிரிக்கும் இதே நியாயம் நீளும். கமர்ஷியல் கோர்ட் டிகிரிக்கு அப்பீல் காலம் அறுபது நாள். அது முடியும்வரை பொறுங்கள். எக்ஸ்பார்ட்டி டிகிரி என்றால் இன்னும் பொறுமை வேண்டும், அதை ரத்து செய்யக் கேட்கும் மனு எப்போது வேண்டுமானாலும் முளைக்கும். என் யோசனை, எதிராளி வராமலே கிடைத்த டிகிரியை வைத்துத் திவாலுக்கு ஓடாதீர்கள், எக்ஸிக்யூஷன் போடுங்கள்.

எல்லாம் முடிந்து தீர்ப்பு இறுதியானது என்றால், அப்போது வரும் தரப் புகார் மொபிலாக்ஸ் சொன்ன அந்தப் புளுகு வகைதான். தீர்ப்பாயம் டிகிரியின் மேல் உட்கார்ந்து அப்பீல் கேட்காது. நியாயமாக அவர் கிளப்பக்கூடியது டிகிரிக்குப் பிந்தைய விஷயங்கள் மட்டுமே: பணம் கட்டியது, தீர்வு பேசியது, ஸ்டே வாங்கியது. அதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். டிகிரிக்குப் பிறகு வந்த ஒவ்வொரு ரூபாயையும் லெட்ஜரில் காட்டாமல் முழுத் தொகையைக் கேட்டு நோட்டீஸ் போட்டால், செத்த தகராறுக்குப் பதில் புதுத் தகராறு ஒன்றை நீங்களே பெற்றுக் கொடுத்ததாகும்.

இன்னொரு நுணுக்கம். டிகிரிதாரர் என்ற பெயரை மட்டும் வைத்து மனு போடாதீர்கள். கடன் கொடுத்தவர் என்ற பொது விளக்கத்தில் டிகிரிதாரர் இருக்கிறார், ஆனால் 9-ஆம் பிரிவு செயல்பாட்டுக் கடன்காரருக்கு (சரக்கோ சேவையோ கொடுத்து பாக்கி வர வேண்டியவருக்கு) மட்டும்தான். எனவே இன்வாய்ஸ், சலான், ஜி.எஸ்.டி.ஆர்.-1, 3பி, ஈ-வே பில் எல்லாவற்றையும் சேர்த்துச் சப்ளைக் கடனாகவே காட்டுங்கள். டிகிரி அதற்குச் சாட்சி. காலவரம்பிலும் எச்சரிக்கை தேவை. டிகிரி கிடைத்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருஷம் என்று 2021-ல் டெனா வங்கி வழக்கில் வந்த தீர்ப்பு (அதுவும் பெங்களூருக் கம்பெனி பற்றியதுதான்) நிதிக் கடன்காரரான வங்கி சம்பந்தப்பட்டது. சப்ளையர் அதன் மேல் முழு பாரத்தையும் வைக்க வேண்டாம். எதிராளியின் பேலன்ஸ் ஷீட்டைக் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் நூறு ரூபாய் கட்டிப் பாருங்கள். அதில் உங்கள் பாக்கி காட்டப்பட்டிருந்தால் அது கடனை ஒப்புக்கொண்டதாகக் கொள்ள இடமுண்டு. கீழே ஆடிட்டர் குறிப்பில் மறுப்பு எழுதியிருக்கிறதா என்பதையும் படித்துவிடுங்கள்.

தீர்ப்பு கையில் இருப்பதன் பலன், வேறு யாராவது, அநேகமாக வங்கி, அந்தக் கம்பெனியைத் திவாலுக்கு இழுக்கும்போதும் தெரியும். உங்கள் ஜப்தி நின்றுவிடும். ஆனால் தீர்வு அதிகாரியிடம் ஃபாரம் பி போடும்போது, கடன் கட்டப்படவில்லை என்று விசாரித்துச் சொன்ன கோர்ட் உத்தரவைச் சான்றாக விதிமுறையே ஏற்கிறது. வெறும் இன்வாய்ஸோடு நிற்பவரைக் குடைவதுபோல உங்களைக் குடைய முடியாது.

## யாருக்கு எது

உத்யம் பதிவு சப்ளைக்கு முன்பே இருந்தது, தரப் புகார் மெயில்களும் இருக்கின்றன: யோசிக்கவே வேண்டாம், கவுன்சில். பதிவு இல்லை, மெயில்கள் இருக்கின்றன, ஆர்பிட்ரேஷன் ஷரத்து இல்லை: கமர்ஷியல் கோர்ட், அதுவும் தரத்தை இஷ்யூவாக வைத்து. மெயிலே இல்லை, கையெழுத்திட்ட பேலன்ஸ் இருக்கிறது, கோடிக்கு மேல், எதிராளியிடம் பணம் இருக்கிறது: என்.சி.எல்.டி. எதிராளியிடம் பணம் இல்லை, வங்கிக் கடன் கழுத்து வரை என்றால் திவால் மனுவால் உங்களுக்கு ஒன்றும் வராது. கிடைக்கும் ஜப்தியை முதலில் பிடியுங்கள்.

நடுவில் எதிராளி சமாதானத்துக்கு வந்து தவணை கேட்டால் ஒத்துக்கொள்ளலாம், ஆனால் பேப்பரில் மூன்று வரி இருந்தாக வேண்டும். இந்த இன்வாய்ஸ்களின் தொகையை ஒப்புக்கொள்கிறோம். சரக்கின் தரம், அளவு பற்றி எங்களுக்குத் தகராறு எதுவும் இல்லை. ஒரு தவணை தவறினாலும் பழைய மனுவுக்கு உயிர் கொடுக்கலாம். இந்த வரிகள் இல்லாத செட்டில்மென்ட்டில் தவணை தவறினால், அது சப்ளைக் கடனா, ஒப்பந்த மீறலா என்று புதிதாக ஒரு வழக்கு நடக்கும். தீர்ப்பாயத்தின் உத்தரவிலேயே அந்த மூன்றாவது வரியைப் பதிவு செய்ய வைப்பது இன்னும் நல்லது.

## எதிராளி கம்பெனி இல்லையென்றால்

புரொப்ரைட்டர், பார்ட்னர்ஷிப் என்றால் மேலே சொன்ன 9-ஆம் பிரிவு பொருந்தாது. தனி நபர் திவால் பகுதியில் கம்பெனிக்கு ஜாமீன் போட்டவர்கள் பற்றிய பாகம் மட்டுமே 2019 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. மற்றவர்களுக்கு 1909, 1920 என்று வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்கள்தான் இன்னும். மும்பையில் 1909-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி டிகிரியை வைத்துத் திவால் நோட்டீஸ் கொடுக்கலாம். அவார்டை வைத்துக் கொடுக்க முடியாது என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே மாட்டுங்காவிலோ சயனிலோ கடை வைத்திருக்கும் உறவினர் கேட்டால் இதைச் சொல்லுங்கள். இங்கே பெங்களூரில் புரொப்ரைட்டரிடம் பாக்கி என்றால், டிகிரியோ கவுன்சில் அவார்டோ வாங்கி நேரே எக்ஸிக்யூஷன் போவதுதான் நடைமுறைக்கு ஒத்த வழி. அவர் பெயரில் இருக்கும் சொத்து விவரத்தை வழக்குப் போடும் முன்பே எடுத்துவையுங்கள், போட்ட பிறகு அது மச்சினன் பெயருக்கு மாறியிருக்கும்.